அடைக்கலம்: கொடையா, கடனா?

உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வரிசைப்படுத்திக் கூறுவது வழக்கம். இவ்வரிசையில் உறையுள் ஈற்றில் நிற்பதனாற்போலும், அதனைப் பற்றிய அறச் சிந்தனையும் ஈற்றிலேயே நின்றுவிட்டது. பசித்தவனுக்குச் சோறிடுதலும் ஆடையற்றவனுக்கு ஆடை அளித்தலும் போற்றப்பட்ட அளவுக்கு, வீடிழந்தவனுக்கு இடமளித்தல் எவ்வகை அறத்தின்பாற்படும் என்னும் வினா ஆராயப்படவில்லை. வெள்ளத்தாலும் புயலாலும் போராலும் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் வீதிக்கு வந்த இலங்கை போன்றதொரு நாட்டில் இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று.

மேற்கூறிய மூன்று தேவைகளும் ஒரே தன்மையன அல்ல. கொடுத்த சோறு உண்டவனின் உடலோடு ஒன்றிவிடுகின்றது. கொடுத்த ஆடை உடுத்தவனுக்கே உரியதாகிவிடுகின்றது. கொடுத்தவனும் பெற்றவனும் அவ்விடத்திலேயே பிரிந்து தத்தம் வழியே செல்லலாம். உறையுள் அத்தகையதன்று. ஒருவனுக்குத் தங்க இடமளித்தல் என்பது, ஏற்கெனவே ஒருவருக்கோ ஊருக்கோ அரசுக்கோ உரியதாயுள்ள நிலத்தில் அவனை இருக்க விடுதலாகும். அது ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயலன்று. ஒவ்வொரு நாளும் மீண்டும் செய்யப்படும் செயல். இடம் பெற்றவன் நாள்தோறும் இடங்கொடுத்தவனின் முகத்திலேயே விழிக்கின்றான். ஆதலால் இக்கொடுக்கல் வாங்கலில் இருவருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பது முதன்மையான கேள்வியாகின்றது.

இங்கு 'கடன்' என்னும் சொல் சிந்திக்கற்பாலது. தமிழில் அச்சொல் கடமையையும் குறிக்கும். திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பொருளையும் குறிக்கும். அடைக்கலம் அளித்தல் கொடையாயின், அதனைப் பெற்றவன் நன்றியென்னும் கடனுக்கு ஆளாகின்றான். அடைக்கலம் அளித்தல் கடனாயின், கடன்பட்டவன் அளிப்பவனே. எவன் கடனாளி என்னும் இவ்வொரு கேள்விக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே முகாமின் அமைப்பும், நிவாரண வரிசையின் ஒழுங்கும், அலுவலரின் குரலும் வேறுபடுகின்றன.

முதலில் ஓர் உண்மையை ஏற்றல் வேண்டும். பேரிடர் நேர்ந்த முதல் இரவில் இத்தீவின் மக்கள் பெரும்பாலும் தவறியதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, ஓடும் ஓலையும் பறந்த வீடுகளிலிருந்து வெளியேறியோருக்குக் கல்வீடு உடையோர் கதவு திறந்தனர். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் தாக்கப்பட்ட வேளையில், தம் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையும் பாராது அயலவரைத் தம் வீட்டினுள் மறைத்து வைத்த சிங்களக் குடும்பங்கள் பலவுள. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்ற வேறுபாடின்றி வழிபாட்டிடங்கள் யாவும் ஒரே பகலில் உறைவிடங்களாயின. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலின் வெள்ளமும் மண்சரிவும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோதும், பாடசாலைகளின் கதவுகள் திறக்கத் தாமதிக்கவில்லை.

எனவே மனிதரிடம் இரக்கம் அற்றுவிட்டது என்று புலம்புவதற்கு இங்கு இடமில்லை. இரக்கம் உண்டு. வினா எழுவது முதல் இரவில் அன்று. மூன்றாம் வாரத்தில், ஆறாம் மாதத்தில், பத்தாம் ஆண்டில். பாடசாலை மீளத் தொடங்க வேண்டிய நாள் வருகின்றது. இடமளித்த வீட்டின் கிணறு வற்றத் தொடங்குகின்றது. உதவிக்கு வந்தோர் அடுத்த பேரிடரை நோக்கிச் செல்கின்றனர். இடம்பெயர்ந்தவன் மாத்திரம் அங்கேயே இருக்கின்றான். அந்த நாளில் அவன் யார்? விருந்தினனா, இரவலனா, அன்றி உரிமையுடைய மனிதனா?

விருந்தினன் என்னும் விடையை முதலில் நோக்கலாம். விருந்தோம்பல் தமிழர் தம் பெருமைகளுள் ஒன்றாகக் கொண்டாடும் பண்பு. திருக்குறள் அதனை இல்லறவியலின் தொடக்கப் பகுதியிலேயே, ஒன்பதாம் அதிகாரமாக வைத்துள்ளது. விருந்து என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. புதிதாய் வந்தவனே விருந்தினன். இப்பொருளிலேயே விருந்தோம்பலின் எல்லையும் அடங்கியுள்ளது. விருந்தினனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. அவன் புறப்படும் நாளொன்று உண்டு. இன்று விருந்தளித்தவன் நாளை அவனிடம் விருந்துண்ணச் செல்லவுங் கூடும். இடம்பெயர்ந்தவனுக்கோ திரும்பிச் செல்ல வீடில்லை. புதுமை நீங்கியபின் அவன் விருந்தினனாயிருக்க இயலாது. பல மாதங்கள் விருந்தினனாக நடத்தப்படுபவன் உண்மையில் பல மாதங்கள் தன் விருப்பப்படி அடுப்பு மூட்டவோ, குழந்தையைக் கண்டிக்கவோ, உரத்துப் பேசவோ இயலாதவனாகின்றான். விருந்தோம்பல் தன்னளவிற் குறையுடைய அறமன்று. நீண்டகால இடப்பெயர்வு என்னும் நிலைக்கு அது அமைக்கப்படவில்லை என்பதே உண்மை.

இரண்டாவது விடை ஈகை. ஈகையில் ஈபவனும் இரப்பவனும் என இருவர் உளர். ஈகையை உயர்த்திக் கூறிய அதே நூல், இரத்தலின் துன்பத்தையும் இரவச்சம் என்னும் தனி அதிகாரத்தில் எடுத்துரைக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. ஈகை எத்துணை உயர்ந்ததாயினும் இரத்தல் இழிவாகவே உணரப்படும் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். நேற்றுவரை தன் வயலில் நெல் விளைவித்தவன், தன் வள்ளத்தில் மீன் கொணர்ந்தவன், தன் கடையில் பிறருக்குக் கடன் கொடுத்தவன் இன்று அட்டையொன்றைக் கையிற் பிடித்து வரிசையில் நிற்கின்றான். அவனுக்கு அளிக்கப்படும் அரிசியின் நிறையில் குறைவில்லாதிருக்கலாம். அளிக்கப்படும் முறையில் அவனது மதிப்பு குறைகின்றது. நிவாரணம் வழங்குவோர் பெறுவோரை நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் இதன் வெளிப்படையான அடையாளம். அரிசி பெற்றவன் அதற்கு விலையாகத் தன் முகத்தைக் கொடுக்கின்றான்.

விருந்தோம்பலுக்கும் ஈகைக்கும் வேறான மூன்றாவது அறமொன்றையும் தமிழ் மரபு அறிந்திருந்தது. அதுவே ஒப்புரவு. குறளில் ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரமாகவும், ஈகை அதனையடுத்த இருபத்துமூன்றாம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. உலகநடையை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் என உரையாசிரியர் இதற்குப் பொருள் கூறினர். அவ்வதிகாரத்தில் வரும் உவமைகளுள் ஒன்று ஊர் உண்ணும் நீர்நிலை. இவ்வுவமையின் பொருத்தம் ஆழமானது. ஊர்க்குளத்தில் நீர் முகப்பவள் யாரிடமும் இரப்பதில்லை. யாருக்கும் நன்றி கூறுவதுமில்லை. குளம் வெட்டியவன் பெருமைக்குரியவனாகலாம். ஆயினும் நீர் முகக்கும் ஒவ்வொரு முறையும் அவன் கரையில் நின்று முகப்பவளை நோக்குவதில்லை. ஈகையில் இரப்பவன் உண்டு; ஒப்புரவில் இரப்பவனே இல்லை. அடைக்கலத்தை இவ்வறத்தின்பாற் சேர்த்து எண்ணுவதே பொருத்தமானது.

மேலைத்தேய மெய்யியலாளர் சிலரும் இதனையொத்த முடிவை வேறு வழிகளால் அணுகியுள்ளனர். இம்மானுவேல் காண்ட் 1795 இல் வெளியிட்ட நிலையான சமாதானம் பற்றிய நூலில், அந்நிய மண்ணில் வந்து சேரும் ஒருவனைப் பகைவனாக நடத்தாமை இரக்கத்தின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது என வாதித்தார். திருப்பி அனுப்புவதால் ஒருவன் அழிவான் எனின் அவனைத் திருப்பி அனுப்புதல் தகாது என்பதும் அவர் கருத்து. ஆயினும் அவர் ஏற்றுக்கொண்டது வந்து செல்லும் உரிமையை மாத்திரமே; தங்கி வாழும் உரிமைக்குத் தனியான உடன்படிக்கை வேண்டும் என்றார். வாயில்வரை வந்த காண்டின் உரிமை அடுப்படிவரை வரவில்லை எனலாம்.

அவுஸ்திரேலிய மெய்யியலாளரான பீற்றர் சிங்கர் 1972 இல் வெளியிட்ட கட்டுரையொன்று இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1971 இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்குள் அகதிகளாகப் புகுந்த மக்களின் துயரமே அக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆழமற்ற குளமொன்றில் குழந்தையொன்று மூழ்குவதைக் காண்பவன், தன் ஆடை நனையும் என்பதற்காக அதனைக் காப்பாற்றாது செல்லலாமா என அவர் வினவினார். செல்லலாகாது எனின், தொலைவிலுள்ள துயருற்றோருக்கு உதவுதலும் விரும்பினாற் செய்யும் தருமமன்று, செய்தே தீரவேண்டிய கடமை என்பது அவர் முடிபு. கொடை என வழங்கியதைக் கடன் என மாற்றி உரைத்த இவ்வாதம் வலுவுடையது. எனினும் அவரது உவமையில் ஒரு குறையுண்டு. குளத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தை ஈரம் துடைக்கப்பட்டுத் தன் வீட்டுக்குச் செல்லும். வீடே குளத்துள் மூழ்கிய குழந்தையைக் கரையேற்றியவன் அடுத்து என்ன செய்தல் வேண்டும்? காப்பாற்றுதல் ஒரு கணத்துக்குரிய கடமை. அடைக்கலமோ காலத்தில் நீளும் கடமை. சிங்கரின் உவமை முடியுமிடத்திலேயே அடைக்கலம் பற்றிய வினா தொடங்குகின்றது.

காலத்தில் நீளும் இக்கடமையின் இயல்பை விளக்கச் சிலப்பதிகாரத்திலுள்ள ஒரு நிகழ்ச்சி துணைபுரியும். புகாரைவிட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் போரினாலோ வெள்ளத்தாலோ இடம்பெயர்ந்தவர் அல்லர். செல்வம் இழந்து பெயர்ந்தவர். ஆயினும் மதுரையின் புறஞ்சேரியை அவர்கள் அடைந்தபோது அவர்களுக்கு வீடில்லை, உறவில்லை, அறிந்தார் இல்லை. கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி செல்வம் படைத்தவள் அல்லள். அவள் செய்தவை எளியவை. தன் வீட்டின் மூலையொன்றில் அவர்களை ஒதுக்காது, காவலமைந்த சிறு வீடொன்றைத் தனியே அளித்தாள். சமைத்த சோற்றைக் கொண்டுவந்து வைக்காது, அரிசியும் காய்கறிகளும் புதிய கலங்களும் அளித்தாள். அவர்கள் பின்பற்றிய சமயத்தின் உணவொழுக்கம் வேறென்பதை அவள் அறிந்திருந்தாள். கண்ணகி தன் கையாற் சமைத்துத் தன் கணவனுக்கு அமுது படைத்தாள்.

அடைக்கலத்தின் மூன்று இயல்புகளை இந்நிகழ்ச்சியிலிருந்து வகுத்துக்கொள்ளலாம். முதலாவது கதவு: குடும்பம் தான் விரும்பியபோது சாத்தவும் திறக்கவும் கூடிய ஒரு வாயில். இரண்டாவது அடுப்பு: எதனை, எப்போது, எவ்வாறு உண்பது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும் நிலை. மூன்றாவது சொல்: தம் தேவை யாது என்பதைத் தாமே கூறவும் அது கேட்கப்படவும் உள்ள வாய்ப்பு. இம்மூன்றும் இருப்பின் கிடுகுக் கொட்டிலும் வீடாகும். இம்மூன்றும் இல்லாவிடின் கற்சுவரும் ஓடும் கொண்ட கட்டடமும் பண்டசாலையே ஆகும்.

அடைக்கலம் என்னும் சொல்லே இதனை உணர்த்துகின்றது. ஒருவரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளையும் தமிழ் மரபு அடைக்கலம் என்றே வழங்கியது. அடைக்கலப் பொருளை வைத்திருப்பவன் அதன் உடைமையாளன் அல்லன். கேட்கும்போது குறைவின்றித் திருப்பி அளிக்கக் கடமைப்பட்ட காவலன். கோவலன் கொலையுண்டதை அறிந்த மாதரி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்கத் தவறியதற்காகத் தீயிற் புகுந்தாள் எனக் காப்பியம் கூறுகின்றது. அச்செயல் இக்காலத்தார்க்கு ஏற்புடையதன்று. ஆயினும் அடைக்கலம் அளித்தவளே கடனாளி என்னும் உணர்வு அதில் ஐயத்துக்கிடமின்றிப் புலப்படுகின்றது.

ஆனால் இங்கு மற்றுமொரு படிப்பினையும் உண்டு. மாதரியின் அடைக்கலத்தில் எக்குறையும் இருக்கவில்லை. இருந்தும் அது கோவலனைக் காக்கவில்லை. பிழைப்புக்காகச் சிலம்பை விற்க நகருக்குட் சென்ற அயலான், அயலானாக இருந்தமையாலேயே எளிதில் ஐயத்துக்கு உள்ளானான். உசாவல் இன்றியே கொல்லப்பட்டான். தனிமனிதரின் நல்லுள்ளம் வீட்டின் வேலியோடு முடிவடைகின்றது. வேலிக்கு அப்பால் அடைக்கலம் பெற்றவனைக் காக்க வேண்டியது நகரின் நீதி. நீதி தவறிய நகரில் மாதரிகள் எத்தனை பேர் இருப்பினும் அடைக்கலம் நிறைவுறுவதில்லை. ஆகவே அடைக்கலம் தனிமனிதப் பண்பாக மாத்திரமன்றி, அரசுக்கும் சமூகத்துக்கும் உரிய கடனாகவும் கொள்ளப்படல் வேண்டும்.

இக்கூற்றின் உண்மையை இலங்கையின் அண்மைக்கால வரலாறு வலியுறுத்துகின்றது. 2009 இல் போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம். அதன் பிரிவுகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என அறிஞர்களதும் அரசியலாளர்களதும் பெயர்கள் சூட்டப்பட்டன. அரச ஆவணங்கள் அவற்றை நலன்புரிக் கிராமங்கள் என்றன. கூடாரமும் உணவும் நீரும் அங்கு வழங்கப்பட்டன. ஆனால் சுற்றிலும் முள்வேலி இருந்தது. 2009 டிசம்பர்வரை அங்கிருந்தோர் தம் விருப்பப்படி வெளியே சென்றுவர இயலவில்லை. உள்ளிருப்பவரால் திறக்க இயலாத கதவு கதவன்று. மணிமேகலைக் காப்பியத்தில், அரசனின் இசைவுபெற்றுச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படுகின்றது. அறக்கோட்டம் சிறைக்கோட்டமாகத் திரிதலும் உலகில் நிகழக்கூடியதே. இரண்டும் கட்டடத்தால் வேறுபடுவதில்லை. கதவின் தாழ் எப்பக்கம் உள்ளது என்பதனாலேயே வேறுபடுகின்றன.

சொல்லின் இழப்புக்கு ஆழிப்பேரலைக்குப் பிந்திய நிகழ்ச்சிகள் சான்றாகும். 2005 இல், கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தொலைவுக்குள் வீடு கட்டுதல் தடைசெய்யப்பட்டது. உயிர்காப்பு என்னும் நோக்கம் பிழையானதன்று. ஆயினும் சுற்றுலா விடுதிகளுக்குக் காட்டப்பட்ட சலுகை மீனவக் குடும்பங்களுக்குக் காட்டப்படவில்லை. கடலோரத்தில் வாடி அமைத்து, வள்ளத்தையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருந்தவருக்கு உட்பகுதியில் வழங்கப்பட்ட வீடு தொழிலிலிருந்து அவரைப் பிரித்த வீடாயிற்று. அவர்களை முன்கூட்டியே கேட்டிருப்பின் இது தெரிந்திருக்கும். கேளாது அளிக்கப்பட்டது கொடை. கேட்டு அளிக்கப்படுவதே கடன். விமர்சனங்கள் வலுத்தபின் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது.

இயற்கையின் அனர்த்தத்துக்கும் மனிதரின் மோதலுக்கும் இடையே அறநோக்கில் ஒரு வேறுபாடு காட்டப்படுவதுண்டு. கடல் கொண்டவனிடம் எவரும் அவன் எப்பக்கத்தான் என வினவுவதில்லை. போரினாற் பெயர்ந்தவனிடம் அவ்வினாவே முதலில் எழுகின்றது. பெயர், ஊர், மொழி, சமயம் ஆகியன ஆராயப்பட்ட பின்னரே இரக்கம் பிறக்கின்றது. அடைக்கலம் கொடையாயின் கொடுப்பவன் தனக்கு உகந்தவனைத் தெரிந்து கொடுக்கலாம். அடைக்கலம் கடனாயின் அத்தெரிவுக்கு இடமில்லை.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். வெளியேறியோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரில் அது நிகழ்ந்தது அக்டோபர் 30 ஆம் நாள். அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு அவர்கள் நடந்தபோது, அயலவருட் பலர் கண்ணீர் விட்டனர்; தடுக்க எவராலும் இயலவில்லை, அல்லது எவரும் துணியவில்லை. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 அக்டோபர் 30 ஆம் நாள், இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில் புலிகளின் அறிவிப்பையடுத்து வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தனர்.

இவ்விரு நாட்களும் ஒன்றாக அமைந்ததை வினைப்பயன் எனக் கூறுவோர் உளர். அக்கூற்று அறமன்று. 1995 இல் தாயின் தோளில் உறங்கியபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்த குழந்தை 1990 இல் எவரையும் வெளியேற்றவில்லை. துன்புற்றோரின் துன்பத்துக்கு நியாயம் கற்பித்தல் அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது தீங்காகும். இவ்வொற்றுமை உணர்த்துவது வேறொன்று: கதவைத் திறப்பவனும் கதவைத் தட்டுபவனும் நிலையாக இரு வேறு மனிதர் அல்லர். இன்று வீட்டினுள் இருப்பவன் நாளை வீதியில் நிற்கக்கூடும். ஒப்புரவு என்னும் சொல்லில் ஒப்பு என்னும் பகுதி இருப்பது இவ்விடத்தில் பொருள் நிறைந்ததாகின்றது. தன்னோடு ஒத்தவனுக்குச் செய்வது தருமமாகாது, அது பகிர்வு.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோரை ஏற்றது புத்தளம் மாவட்டம். அங்கு வாழ்ந்தோர் செல்வந்தர் அல்லர். எனினும் அவர்கள் தோட்டங்களிற் கொட்டில்கள் அமைக்க இடமளித்தனர்; உணவளித்தனர். காலஞ்செல்லச் செல்ல நீர், பாடசாலை இடம், கூலி வேலை ஆகியவற்றில் இருசாராரும் போட்டியிட வேண்டிய நிலை ஏற்பட்டது, மனக்கசப்பும் தோன்றியது. புத்தளத்து மக்களின் நல்லுள்ளம் வற்றிவிட்டது என்று இதற்குக் காரணம் கூறுதல் தகாது. நாடு முழுவதற்கும் உரிய கடனை ஒரு மாவட்டத்து ஏழைகள் தனித்துச் சுமந்தனர் என்பதே காரணம். அயலில் இருந்தமை ஒருவனுக்கு முதல் இரவின் கடமையை விதிக்கலாம். இருபது ஆண்டுகளின் சுமையை விதிக்க இயலாது. அடைக்கலத்தை உரிமையென ஏற்கும் சமூகம், அடைக்கலம் அளிப்போரின் சுமையைப் பகிர்தலையும் கடமையென ஏற்றல் வேண்டும்.

தற்காலிகம் என்னும் சொல் இங்கு மிகக் கவனத்தோடு கையாளப்பட வேண்டியது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்களுட் பல, கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முதலிய நலன்புரி நிலையங்களிற் கால் நூற்றாண்டு வாழ்ந்தன. அவற்றின் காணிகள் படையினரின் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்தன. அங்கு பிறந்து, அங்கு வளர்ந்து, அங்கேயே மணம்புரிந்தோரும் உளர். தற்காலிகம் எனப் பெயரிடப்பட்டமையால் அக்கொட்டில்களுக்கு நிரந்தர வசதிகள் அளிக்கப்படவில்லை. அளிக்கப்படாமையே தற்காலிகம் என்பதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. மலையகத்தின் நிலையும் நோக்கத்தக்கது. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் குடியிருப்புகள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிர்தப்பிய குடும்பங்கள் பல பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ நேர்ந்தது. அவர்கள் இழந்த லயன் அறைகளுங்கூட அவர்களுக்கு உரித்தானவையல்ல, தோட்டத்துக்கு உரியவை. காணியுரிமை இல்லாதவன் அனர்த்தத்துக்கு முன்னரே பாதி இடம்பெயர்ந்தவன். ஆதலால் அடைக்கலம் என்னும் கடன் புயல் வீசும் நாளிலன்றி, அதற்கு முந்திய அமைதி நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றது.

இக்கருத்துக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். அனர்த்த வேளையில் விரைவே முதன்மையானது. கதவு, அடுப்பு, சொல் என ஆராய்ந்து கொண்டிருப்பின் மக்கள் மழையில் நனைவர் என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. முதல் இரவில் தறப்பாள் ஒன்றே போதும். ஆனால் பெரும்பாலான வேளைகளில் விரைவும் மதிப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. குடும்பங்களுக்கிடையே ஒரு மறைப்புத் துணி கட்டுதல், மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் விளக்கு வைத்தல், பெண்களை அழைத்து அவர்களது தேவையை வினவுதல் ஆகியன நாட்கணக்கைக் கூட்டுபவை அல்ல. மாதரியும் அன்று மாலையிலேயே யாவற்றையும் செய்து முடித்தாள்.

உரிமை என்று கூறியவுடன் அன்பு அகன்று அளவுகோல் புகுந்துவிடும் என்பது இரண்டாவது தடை. 1997 இல் நிவாரண நிறுவனங்கள் தொடங்கிய ஸ்பியர் திட்டம், ஒருவருக்கு ஆகக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரைப் பரப்பு வேண்டும் என வரையறுத்துள்ளது. மனித வாழ்வை இவ்வாறு அளத்தல் கொடிது எனத் தோன்றலாம். ஆனால் அளவில்லாத இடத்தில் நிலவுவது அன்பன்று, அலுவலரின் மனப்போக்கே. 3.5 என்னும் எண் எவரையும் மகிழ்விப்பதற்கன்று; எவரும் அதற்குக் கீழே தள்ளப்படாதிருப்பதற்காகும். உரிமை அன்பை விலக்குவதில்லை. அன்பு சோர்ந்துபோகும் நாளில் அதன் இடத்தில் நின்று காவல் செய்வதே உரிமை. மூன்றாம் வாரத்திலும் பத்தாம் ஆண்டிலும் அன்பு சோர்வடைதல் மனித இயல்பு. அதற்காக மனிதரை நோதல் பயனில்லை. சோர்வடையாத ஒன்றை அமைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை.

அவ்வாறாயின் இக்கடன் என்று தீரும்? உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டுக் கோட்பாடுகள், பெயர்ந்தோர் தம் விருப்பத்தின்படி பாதுகாப்போடும் மதிப்போடும் ஊர் திரும்பவோ, வேறிடத்திற் குடியேறவோ வழிசெய்தல் அரசின் பொறுப்பு என்கின்றன. இதன் உட்கருத்து தெளிவானது. கூரைகளின் தொகை நிறைவுறும் நாளில் கடன் தீர்வதில்லை. முகாம் மூடப்பட்டது என்னும் அறிவித்தலோடும் அது தீர்வதில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் பெற்றோரின் ஊர். புத்தளம் தன் ஊர். அப்பிள்ளையைத் திரும்பிச் செல் என்பதும் பிழை. திரும்பாதே என்பதும் பிழை. தீர்மானம் அப்பிள்ளைக்கு உரியது. அத்தீர்மானத்தை எடுக்கும் ஆற்றலும் வாய்ப்பும் அதன் கையில் மீண்டும் வந்து சேரும் நாளிலேயே அடைக்கலப் பொருள் உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டதாகும்.

ஆதலின் அடைக்கலம் விருந்தாகத் தொடங்கலாம். ஈகையால் சில நாட்கள் தாங்கப்படலாம். ஒப்புரவாக மாறாவிடின் நிலைபெறாது. கதவு திறந்தவன் தான் செய்த நன்மையை எண்ணி மகிழ்வதிற் குற்றமில்லை. ஆயினும் உள்ளே வந்தவன் தலைகுனிந்து நிற்கும்வரை அக்கடன் தீரவில்லை என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். இத்தீவில் இனியும் மழை பெய்யும், மலை சரியும், பாடசாலைகள் மீண்டும் ஓரிரவில் உறைவிடங்களாகும். அவ்விரவில் கதவு திறக்கப்படும் என்பதில் ஐயமில்லை. திறந்த கதவின் திறவுகோல் எத்தனை நாட்களில் உள்ளிருப்போர் கையிற் கொடுக்கப்படும் என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் அறம் அளக்கப்படும்.